ஆன்ட்டி டி.பி.ஓ. ரிப்போர்ட்டுக்குப் பின்னால் நடப்பது என்ன?

"தினமும் மீன் சாப்பிடுகிறோம், அயோடின் உப்புதான் போடுகிறோம். அப்புறம் எப்படி தைராய்டு வந்தது?"

குமரி மாவட்டத்தில் தைராய்டு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கத்து ஆட்கள் இன்னும் அழுத்தமாகக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அயோடின் குறைந்தால் கழுத்து வீங்கும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பதால் சொந்தக்காரர்கள் தங்கள் ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அவற்றில் பலமுறை என் கண்ணில் படுவது பள்ளிப் பாடத்தில் இல்லாத ஒரு வரி: ஆன்ட்டி டி.பி.ஓ.

இப்படி ஒரு தாளை நினைத்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.எச். 9.2, பக்கத்தில் இயல்பு அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை என்று அச்சிட்டிருக்கும். அடுத்து ஃப்ரீ டி4, இயல்பின் கீழ் ஓரத்தில். கடைசியில் ஆன்ட்டி டி.பி.ஓ. 600, பல லேப்களில் அது 35-க்குள் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் டாக்டர் "இது ஆட்டோ இம்யூன்" என்கிறார். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய அமைப்பு தைராய்டு சுரப்பியின் மேலேயே திரும்பியிருக்கிறது என்று பொருள். தமிழில் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். தைராய்டில் வரும் இந்த வகை நோய்க்கு ஹஷிமோட்டோ என்று பெயர்.

என் மைனி இதைக் கேட்டுவிட்டு, "நம்ம உடம்பு நம்மளையே எதுக்குத் தாக்கணும்?" என்றார். தாக்குதல் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குச் சரியான பதில் சொல்ல முடியாது. தாக்குவதற்கு முன்பும் தாக்கும்போதும் செல்களுக்கு இடையே ரசாயனச் செய்திகள் ஓயாமல் போய்வருகின்றன. அந்தச் செய்திகள் தைராய்டு செல்லை என்ன செய்கின்றன என்று தெரிந்தால், ரிப்போர்ட்டில் உள்ள எண்களின் பொருள் தானாகப் புரியும்.

முதலில் மீன் கேள்வியை முடித்துவிடலாம். அயோடின் குறைவால் கழலை வருவது உண்மை. இந்திய அரசு 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியதே அதற்காகத்தான். உப்புத் தயாராகும் இடத்தில் குறைந்தது 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு), நம் கைக்கு வந்து சேரும்போது 15 பி.பி.எம். அயோடின் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. கடல் உப்பு என்பதாலேயே அதில் அயோடின் நிறைய இருக்கும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புத்தளம், சாமிதோப்பு அளங்களில் விளையும் கல்லுப்பானாலும் அயோடினைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

ஹஷிமோட்டோ நோய்க்கு அயோடின் குறைவு தேவையே இல்லை. சொல்லப்போனால் மிகையான அயோடின் அதைத் தூண்டிவிடக்கூடும். சீனாவில் அயோடின் சற்றுக் குறைவாகவும், தேவைக்குக் கொஞ்சம் மேலாகவும், மிகையாகவும் கிடைக்கும் மூன்று வட்டாரங்களை ஒப்பிட்ட ஆய்வு 2006-ல் வெளியானது. அயோடின் கூடுதலாகக் கிடைத்த வட்டாரங்களில்தான் தன்னெதிர்ப்புத் தைராய்டு அழற்சி அதிகம் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் அயோடின் உப்பை நிறுத்திவிட வேண்டாம், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் உள்ள வீட்டில். சாளையும் நெத்திலியும் சாப்பிடுவதால் அயோடின் அந்த அளவுக்கு மிஞ்சிவிடாது. "தைராய்டுக்கு நல்லது" என்று சொல்லி விற்கும் கடற்பாசி மாத்திரைகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

ஒரு தைராய்டு செல்லின் வேலை

தைராய்டு சுரப்பி குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிறது. பெரியவர்களுக்கு 15 முதல் 20 கிராம் வரை எடை. அதிலிருந்து ஒரு மெல்லிய சீவலை எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வட்ட வட்டமாகத் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு ஃபாலிகிள். விளிம்பில் ஒற்றை வரிசையாகச் செல்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து நிற்கும். நடுவில் ஒரே சீரான இளஞ்சிவப்புப் பரப்பு, அதுதான் கொல்லாய்டு. மாணவர்களுக்கு நான் காட்டும் ஸ்லைடுகளிலேயே பார்க்க இவ்வளவு ஒழுங்காக இருப்பது வேறு இல்லை.

விளிம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு பக்கம். ஒரு பக்கம் ரத்தக் குழாயைப் பார்த்திருக்கும், மறுபக்கம் கொல்லாய்டைப் பார்த்திருக்கும். ரத்தப் பக்கத்தில் அயோடைடை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு இருக்கிறது. என்.ஐ.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். அதன் மரபணு கையில் கிடைத்தது 1996-ல்தான். இரண்டு சோடியம் அயனிகளோடு சேர்த்து ஒரு அயோடைடை உள்ளே கொண்டுவருவது இதன் வேலை. இந்தப் பம்பு இருப்பதால்தான் ரத்தத்தில் உள்ளதைப் போல் 20 முதல் 40 மடங்கு அயோடைடைத் தைராய்டு சேர்த்து வைத்துக்கொள்கிறது.

கொல்லாய்டுப் பக்கத்தில் டி.பி.ஓ. என்ற நொதி இருக்கிறது. ரிப்போர்ட்டில் "ஆன்ட்டி" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் டி.பி.ஓ. இதுதான். இந்த நொதிக்கு எதிராக உடலே உண்டாக்கும் ஆன்ட்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தைச் செல் தயாரித்துக் கொல்லாய்டுக்குள் அனுப்பும். டி.பி.ஓ. அந்தப் புரதத்தில் அயோடினை ஒட்டவைக்கும். அதிலிருந்து பிறகு பிரிந்து வருபவைதான் தைராய்டு ஹார்மோன்கள்: நான்கு அயோடின் இருந்தால் டி4, மூன்று இருந்தால் டி3. கொல்லாய்டில் எப்போதும் இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமான இருப்பு இருக்கும். இந்த இருப்பைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

இத்தனை வேலைக்கும் உத்தரவு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. அதுதான் டி.எஸ்.எச். ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், கூடினால் இறங்கும். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கூடியிருந்தால் சுரப்பி அதிகமாக வேலை செய்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நேர் எதிர்: சுரப்பியால் முடியவில்லை, அதனால் பிட்யூட்டரி திரும்பத் திரும்பக் கேட்கிறது.

இந்தப் பம்பு பற்றிச் சொல்லும்போது மரச்சீனியை விட்டுவிட முடியாது. மரச்சீனிக் கிழங்கில் உள்ள ஒரு பொருளிலிருந்து சயனைடு வரும். நம் உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றிவிடும். தயோசயனேட் அயோடைடோடு போட்டிபோட்டு அதே பம்பில் இடம் பிடிக்கும். ஆப்பிரிக்காவின் சில உள்நாட்டுப் பகுதிகளில் அயோடினும் கிடைக்காமல் மரச்சீனியே முழு உணவாகவும் இருந்ததால் கழலை பெருகியது. கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிழங்கை அவித்து, தண்ணீரை வடித்து, மீன்கறியோடுதான் சாப்பிட்டு வருகிறார்கள். சயனைடில் ஒரு பகுதி வடித்த தண்ணீரோடு போய்விடும். அயோடின் மீனிலிருந்து வரும். ஆன்ட்டி டி.பி.ஓ. ஏறியிருப்பதற்கு மரச்சீனியைக் குற்றம் சொல்லக் காரணமில்லை.

சரி, நோயில் என்ன நடக்கிறது?

வெள்ளை அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் சிறிய புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். ஒரு செல் வெளியிடும். பக்கத்துச் செல் தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியால் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தவுடன் அந்தச் செல்லுக்குள் சில மரபணுக்கள் விழிக்கும், சில அடங்கும்.

கடற்கரை ஊரில் நேரமல்லாத நேரத்தில் கோயில் மணி அடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மணி ஒன்றுதான். வள்ளக்காரர் கரைக்கு ஓடுவார், கடையில் இருப்பவர் கடையைச் சாத்துவார், வீட்டில் இருப்பவர் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார். சைட்டோகைனும் அப்படித்தான். செய்தி ஒன்று, கேட்பது எந்தச் செல் என்பதைப் பொறுத்து நடப்பது வேறு.

தைராய்டு செல் வெள்ளை அணு அல்ல. ஆனாலும் அதன் மேற்பரப்பில் இந்த ஏற்பிகள் இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும். 1957-ல் ஐசக்ஸ், லின்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் லண்டனில் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனைக் கண்டுபிடித்தது வைரஸ் ஆராய்ச்சியில்தான். வைரஸ் நுழைந்த இடத்தில் இன்டர்ஃபெரான் பரவினால் சுற்றியுள்ள செல்கள் வழக்கமான வேலையைக் குறைத்துக்கொள்ளும். தங்களுக்குள் என்ன புரதங்கள் இருக்கின்றன என்று துண்டு துண்டாக மேற்பரப்பில் எடுத்துக் காட்டும். காட்டுவதில் வைரஸின் துண்டு இருந்தால் டி செல்கள் என்ற வகை வெள்ளை அணுக்கள் வந்து அந்தச் செல்லை அழிக்கும். எந்த உறுப்பிலும் இது நல்ல ஏற்பாடு.

மைனிக்கு நான் சொன்ன பதில் இதுதான். தைராய்டு செல் தவறாக எதுவும் செய்யவில்லை. ஆபத்துச் செய்தி வந்தால் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்கிறது. தன்னெதிர்ப்பு நோயில் வைரஸ் இல்லை, செய்தி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. மேற்பரப்பில் அது எடுத்துக் காட்டுவதெல்லாம் அதன் சொந்தப் புரதங்களின் துண்டுகள்.

சைட்டோகைன்களில் மூன்று பெயர்களை மட்டும் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும்: இன்டர்ஃபெரான் காமா, டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1. ஆய்வுக்கூடத்தில் தைராய்டு செல்களைத் தட்டில் வளர்த்து இவற்றைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அயோடைடுப் பம்பின் உற்பத்தி குறைகிறது. டி.பி.ஓ. குறைகிறது. தைரோகுளோபுலினும் குறைகிறது. டி.எஸ்.எச்.சைக் கூடச் சேர்த்தாலும் செல் வழக்கம்போல் பதில் தருவதில்லை. தட்டில் டி செல் ஒன்றுகூட இல்லை, ஆன்ட்டிபாடியும் இல்லை. வெறும் செய்தியே வேலையை மந்தமாக்கப் போதுமானதாக இருக்கிறது.

தட்டில் நடப்பது உயிருள்ள உடலில் நடக்குமா? அமெரிக்காவில் ஒரு குழு, தைராய்டு செல்லே இன்டர்ஃபெரான் காமாவைத் தயாரிக்கும்படி மரபணு மாற்றிய எலிகளை உருவாக்கியது. அதன் முடிவுகள் 2000-ல் வெளியாயின. எலிகளுக்குத் தைராய்டு ஹார்மோன் கடுமையாகக் குறைந்தது, வளர்ச்சி குன்றியது, சுரப்பியின் அமைப்பு குலைந்தது, அயோடைடுப் பம்பு மிகவும் குறைந்துபோனது. இந்த நோயைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவிய ஆய்வு இது. ஹஷிமோட்டோ என்றாலே சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உயிரோடு இருக்கும் செல்லே கைகட்டி நிற்கவும் கூடும். டி.எஸ்.எச். சில மாதம் ஏறி, பிறகு ஓரளவு இறங்கி, மறுபடி ஏறுவதைப் பலரிடம் பார்க்கிறோமே, அதைப் புரிந்துகொள்ளவும் இது உதவும். இறந்த செல் திரும்பி வராது. மந்தமான செல், செய்தி தணிந்தால் வேலைக்குத் திரும்பலாம்.

இன்டர்லூக்கின் 1 இன்னொன்றையும் செய்கிறது. விளிம்பில் செல்கள் நெருக்கிப் பிடித்து நிற்கின்றன என்றேன் அல்லவா? அந்தப் பிடியை இது தளர்த்துகிறது என்று வளர்ப்புச் செல்களில் காட்டியிருக்கிறார்கள். டி.பி.ஓ.வும் தைரோகுளோபுலினும் சாதாரணமாக ரத்தப் பக்கத்திலிருந்து எட்டாத உள்பக்கத்தில் இருப்பவை. பிடி தளர்ந்தால் அவை வெள்ளை அணுக்களின் பார்வைக்கு வந்துவிடும்.

செல்லே கூப்பிடுகிறது

இதுவரை சொன்னதில் தைராய்டு செல் செய்தியைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. அது பதிலும் பேசுகிறது. இந்த நோய் ஏன் தானாக அடங்குவதில்லை என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.

டி செல்களில் ஒரு வகைக்குத் துண்டுகளை எடுத்துக் காட்டுவதற்கு எச்.எல்.ஏ. இரண்டாம் வகுப்பு என்ற மூலக்கூறுகள் வேண்டும். அவை பெரும்பாலும் வெள்ளை அணுக்களில் மட்டுமே இருப்பவை. 1983-ல் பொட்டாட்சோ என்பவரின் லண்டன் குழு, தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களின் தைராய்டு செல்களிலும் இவை தோன்றியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. இன்டர்ஃபெரான் காமாதான் அவற்றைத் தோன்றச் செய்கிறது என்று இரண்டு ஆண்டுகளுக்குள் தெரியவந்தது. நோயே இப்படித்தான் தொடங்குகிறது என்று அப்போது பலர் கருதினார்கள். ஒரு டி செல்லை முதன்முதலாக உசுப்பிவிடத் தேவையான துணைச் சைகைகள் தைராய்டு செல்லிடம் போதுமான அளவு இல்லை என்பதால், தொடங்கிய நோயை இது நீடிக்க வைக்கிறது என்பதே இப்போது பொதுவாக ஏற்கப்படும் கருத்து.

இதைவிடத் தெளிவான சான்று சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற மூலக்கூறு. வெள்ளை அணுக்களைத் தன் பக்கம் இழுப்பது இதன் வேலை. இன்டர்ஃபெரான் காமாவும் டி.என்.எஃப். ஆல்ஃபாவும் சேர்ந்து பட்டால் தைராய்டு செல்லே இதை நிறையச் சுரக்கிறது. அதனால் இழுக்கப்பட்டு வரும் டி செல்கள் எவை? இன்டர்ஃபெரான் காமாவைத் தயாரிக்கும் அதே வகை. அவை வந்து மேலும் இன்டர்ஃபெரானை வெளியிட, செல் மேலும் சி.எக்ஸ்.சி.எல்.10-ஐச் சுரக்க, மேலும் டி செல்கள் வருகின்றன. ஒரு சுற்று முடிந்த இடத்தில் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது.

இந்தக் கூட்டத்தை ஸ்லைடில் கண்ணால் பார்க்கலாம். ஹஷிமோட்டோ வந்த தைராய்டின் சீவலில் அந்த ஒழுங்கான வட்டங்கள் சிறுத்துக் கிடக்கும், நடுவில் இளஞ்சிவப்புக் கொல்லாய்டு மிகக் கொஞ்சமாக மிஞ்சியிருக்கும். வட்டங்களுக்கு இடையில் கரும் ஊதாப் புள்ளிகளாக வெள்ளை அணுக்கள் அடர்ந்திருக்கும். சில இடங்களில் நிணநீர்க் கணுவில் இருப்பதுபோலவே, வெளிறிய மையமும் கருத்த விளிம்புமாகத் திரண்டிருக்கும். மிச்சமுள்ள தைராய்டு செல்களில் சில உப்பிப் பெருத்துச் சிவந்த பொடிகள் நிறைந்து காணப்படும். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் நிணநீர்க் கணுவின் ஸ்லைடு என்றே எழுதிவிடுவார்கள். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவும் இதைத்தான் கவனித்தார். நான்கு பெண்களின் தைராய்டில் கண்டதை 1912-ல் ஒரு ஜெர்மன் இதழில் விவரித்தார். அது தன்னெதிர்ப்பு நோய் என்று உலகத்துக்குத் தெரிய இன்னும் 44 ஆண்டுகள் ஆயின. 1956-ல்தான் லண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்ட்டிபாடிகளைக் கண்டார்கள்.

செல்கள் உண்மையாகவே சாகவும் செய்கின்றன. இன்டர்லூக்கின் 1 பட்ட தைராய்டு செல்லில் ஃபாஸ் என்ற ஏற்பி கூடுகிறது. அதைத் தூண்டினால் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். டி செல்கள் நேரடியாகக் கொல்வதும் உண்டு. நிறையச் செல்கள் ஒரே சமயத்தில் உடைந்தால் கொல்லாய்டில் இருந்த இரண்டு மூன்று மாத இருப்பு ரத்தத்தில் கொட்டிவிடும். அதனால்தான் சிலருக்கு முதலில் ஹார்மோன் கூடிப் படபடப்பும் வியர்வையும் வந்து, சில வாரங்களில் தலைகீழாகிச் சோர்வும் உடல் கனமும் வருகின்றன. பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் சில பெண்களுக்கு வரும் தைராய்டு அழற்சியில் இந்த ஏற்ற இறக்கத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். கர்ப்பகாலத்தில் அடங்கியிருந்த நோய் எதிர்ப்பு அமைப்பு குழந்தை பிறந்ததும் மறுபடி எழுவதுதான் காரணம். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடாமல், பச்சை உடம்புக்காரி படபடக்கிறது, தாங்க முடியாத அசதி என்றால் ஒரு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஆன்ட்டிபாடி?

ரிப்போர்ட்டில் இருக்கும் எண் ஆன்ட்டிபாடியைத்தான் சொல்கிறது, சைட்டோகைனை அல்ல. பலர் அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 600 என்பது 400 ஆனால் சந்தோஷம், 900 ஆனால் தூக்கம் போய்விடும். இந்த அலைச்சல் வேண்டாம் என்று யாரிடமும் உறுதியாகச் சொல்வேன்.

காரணம் இது. டி.பி.ஓ. ஆன்ட்டிபாடி தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. அந்த ஆன்ட்டிபாடியே முக்கியக் கொலையாளி என்றால் ஹஷிமோட்டோ உள்ள தாய்மாரின் குழந்தைகள் எல்லாம் தைராய்டு கெட்டுப் பிறக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை, பெரும்பாலான குழந்தைகளின் தைராய்டு நன்றாகவே இருக்கிறது. சேதத்தின் பெரும் பங்கு டி செல்களும் அவற்றின் சைட்டோகைன்களும் செய்வது. ஆன்ட்டிபாடி அங்கே அப்படி ஒன்று நடக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். நோயைக் கண்டுபிடிக்க ஒருமுறை பார்த்தால் போதும். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது டி.எஸ்.எச்.

தைராய்டில் வரும் இன்னொரு தன்னெதிர்ப்பு நோயான கிரேவ்ஸில் நிலைமை வேறு. அங்கே வரும் ஆன்ட்டிபாடி டி.எஸ்.எச். ஏற்பியில் போய் உட்கார்ந்து, டி.எஸ்.எச். செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்துவிடுகிறது. சுரப்பி ஓயாமல் ஹார்மோனைக் கொட்டுகிறது. இந்த ஆன்ட்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போனால் குழந்தைக்கும் சில வாரங்கள் ஹார்மோன் மிகையாகலாம். அதே டி செல்கள், அதே சுரப்பி. ஒரு நோயில் தைராய்டு செல்கள் குறைகின்றன, மற்றதில் பெருகுகின்றன. அங்கே சுரக்கும் சைட்டோகைன்களின் கலவையும் இதற்கு ஒரு காரணம். கிரேவ்ஸில் இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 10 ஆகியவற்றின் பங்கு கூடுதல். இவை பட்ட தைராய்டு செல், தன்னைக் காத்துக்கொள்ளும் புரதங்களைக் கூடுதலாகத் தயாரிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மனிதர்களிடம் கிடைத்த சான்று

சைட்டோகைன் கொடுத்தால் தைராய்டு கெடுமா என்று மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய யாரும் துணியமாட்டார்கள். வேறொரு காரணத்துக்காக அது நடந்துவிட்டது. ஹெப்படைடிஸ் சி-க்கு இப்போதைய மாத்திரைகள் வருவதற்கு முன் பல ஆண்டுகள் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசிதான் சிகிச்சை. அதைப் போட்டுக்கொண்டவர்களில் ஒரு பகுதியினருக்குத் தைராய்டு ஆன்ட்டிபாடிகள் தோன்றின. சிலருக்கு ஹார்மோன் குறைந்தது, சிலருக்குக் கூடியது. ஏற்கெனவே ஆன்ட்டி டி.பி.ஓ. பாசிட்டிவாக இருந்தவர்களுக்கும் பெண்களுக்கும் வாய்ப்பு அதிகம். இப்போது புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில இம்யூனோதெரபி மருந்துகளிலும் இதே பிரச்சினை இருக்கிறது. டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடுவதுதான் அந்த மருந்துகளின் வேலை. பிரேக் இல்லாத டி செல்கள் அடிக்கடி போய்ச் சேரும் இடங்களில் தைராய்டும் ஒன்று. அந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு டாக்டர்கள் இடையிடையே டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது இதனால்தான்.

உடலிலேயே இயல்பாக இருக்கும் ஒரு பிரேக், ஒழுங்குபடுத்தும் டி செல்கள். ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி 1995-ல் எலிகளில் இவற்றை அடையாளம் காட்டினார். இவை இல்லாத எலிகளுக்கு வந்த நோய்களில் தைராய்டு அழற்சியும் இருந்தது. 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் இந்த ஆராய்ச்சிக்காகத்தான் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தைராய்டு என்று கேள்விப்பட்டவுடன் "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுபோச்சு, இதைக் குடிங்க, கூடும்" என்று பொடியும் டானிக்கும் விற்க வருகிறார்கள். ஹஷிமோட்டோவில் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. அடங்க வேண்டிய இடத்தில் அடங்காமல் இருக்கிறது. அதைக் கூட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், இந்த நோய் என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பொடியை நம்பி, குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்ஸின் மாத்திரையை நிறுத்தியவர்கள் சில மாதத்தில் முகம் வீங்கி, குரல் தடித்து, நடக்க முடியாமல் திரும்ப வருகிறார்கள். பார்க்க வேதனையாக இருக்கிறது.

சைட்டோகைனை நேரடியாகத் தடுக்கும் மருந்துகள் இருக்கத்தானே செய்கின்றன, அவற்றை ஏன் கொடுப்பதில்லை? முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசிகள் போடுகிறார்கள். அவை உடலில் பதுங்கியிருக்கும் காசநோயைக் கிளப்பிவிடக் கூடியவை. நம் நாட்டில் அது சிறிய பயமல்ல. விலையும் அதிகம். தைராய்டில் குறைந்துபோன ஹார்மோனையோ ஒரு சின்ன மாத்திரையால் அப்படியே நிரப்பிவிட முடிகிறது. அந்த மாத்திரை செல்களுக்கு இடையிலான பேச்சை நிறுத்தாது. பேச்சால் வந்த குறையை ஈடுகட்டும். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு அது நீண்டகால மருந்து. கண் மட்டும் விதிவிலக்கு. கிரேவ்ஸில் சிலருக்குக் கண்ணுக்குப் பின்னால் உள்ள திசு சைட்டோகைன்களால் வீங்கிக் கண் பிதுங்கும். அங்கே ஹார்மோனைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அழற்சியையே அடக்க வேண்டும். அதற்கென்றே டெப்ரோட்டுமுமாப் என்ற மருந்தை அமெரிக்கா 2020-ல் அனுமதித்தது. இந்தக் கண் நோயைப் புகைபிடித்தல் மோசமாக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். கிரேவ்ஸ் இருப்பவர் பீடியையும் சிகரெட்டையும் அன்றைக்கே விட வேண்டும்.

லெவோதைராக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. சாயா அரை மணி நேரத்துக்குப் பிறகு, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அவை இதை உறிஞ்சவிடாது. கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, டாக்டர் தேவை என்று சொன்னாலொழிய, தைராய்டு பார்க்க வேண்டாம். அப்போது உடல் முழுக்கச் சுற்றும் இன்டர்லூக்கின் 6 போன்றவை, சுரப்பி நன்றாக இருந்தாலும் டி3-ஐக் குறைத்துக் காட்டும். ஆன்ட்டி டி.பி.ஓ. பாசிட்டிவாக இருக்கும் பெண் குழந்தைக்குத் திட்டமிட்டால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பம் உறுதியான அந்த வாரமே டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்குப் பெரும்பாலும் அப்போது அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் மாதங்களில் வயிற்றில் உள்ள பிள்ளையின் மூளை வளர்வது தாயின் டி4-ஐ நம்பித்தான்.